பூஜி என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதிய பொருள் குறித்து

சாடெக்,
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

'ஆற்றோரம்' வார இதழில் 'வந்த சொல்' பத்தி எழுதும் மதிப்பிற்குரிய திரு. மாக் அவர்களுக்கு, படகு இஞ்சினும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கும் டிப்ளமாக்காரன் கியேம் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவதாக முதலில் எழுத வேண்டும், நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். எழுதலாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆகவே நலம்.

போன சனிக்கிழமை இதழில் 'பூஜி' என்ற சொல்லைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். 'பிரெஞ்சுக்காரர்கள் நம்மை ஆண்டபோது விட்டுச்சென்ற, மெழுகுவத்தியைக் குறிக்கும் சொல் இது. நம் பட்டறைக்காரர்கள் அறியாமையால் இதை இஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக்குக்குப் பெயராக்கிவிட்டார்கள்.' ஒரு ஐஸ் காபி குடிக்கும் நேரத்தில் எழுதியிருப்பீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை, குற்றம் சொல்ல உடம்பில் தெம்பும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவியின் ஊதுவத்திக் கிண்ணம் என் வீட்டை விட்டுப் போகப்போகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் சனிக்கிழமை இதழில் தாங்கள் ஒரு திருத்தம் போட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி லுவா இறந்து இன்றோடு நூற்றைந்து நாள். வயது இருபத்தொன்பது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தாள், அன்று மாலையே முடிந்துவிட்டது. பலரிடம் சொல்லிச் சொல்லி இப்போது இஞ்சின் நம்பரைச் சொல்வதுபோலத் தடங்கல் இல்லாமல் வருகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு என் மாமனார் காகிதக் கடையில் சொல்லி ஒரு காகித ஸ்கூட்டர் செய்து வாங்கிவந்தார், எரித்தால் அவளுக்குப் போய்ச் சேரும் என்று. நல்ல வேலைப்பாடு. ரெண்டு கண்ணாடி, நம்பர் பிளேட், காகித ஹெல்மெட், காகித லைசன்ஸ். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன், என் கண் அப்படிப் பழகிவிட்டது.

"மாமா, இதுல பூஜி இல்லையே."

"என்ன மாப்பிள்ளை?"

"பூஜி இல்லாம வண்டி எப்படிக் கிளம்பும்?"

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேல மெக்கானிக் எவனும் செத்துப் போயிருக்க மாட்டானா? போய் நெருப்புப்பெட்டி எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தேன். எரித்தோம். ஆனால் கிளம்பாத வண்டியை அவளுக்கு அனுப்பிவிட்டோமே என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இதைச் சொன்னால் தாங்கள் சிரிக்கலாம். நானும் சாதாரண நாளில் சிரித்திருப்பேன்.

இந்த நிலையில்தான் அடுத்த வாரம் லியோனிலிருந்து நாலாம் அத்தை கூப்பிட்டார். நாலாம் அத்தை என் மாமனாரின் அக்கா, நாற்பது வருடமாகப் பிரான்சில் இருப்பவர், அங்கே ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனை முறை சொல்லியும் கைபேசியை நேராகப் பிடிக்க மாட்டார், பேசும்போதெல்லாம் அவர் வீட்டுக் கூரைதான் தெரியும். கூரை என்னிடம் கேட்டது:

"படத்துக்கு முன்னாடி என்னடா வெச்சிருக்க?"

"சோறு, மண்சட்டி மீன், வாழைப்பழம், ஊதுவத்தி அத்தை."

"அதெல்லாம் எல்லாரும் வெக்கறது. நீ ஒரு பூஜி வை. நல்லதாப் பாத்து வை. பிள்ளைக்கு வழி தெரியணும்ல?"

ஐயா, லுவா இறந்ததிலிருந்து எனக்கு எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். அழு என்றார்கள், அழாதே என்றார்கள், ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார். காது கொடுத்துக் கேட்கும்படியான ஒரு பேச்சு என்றால் இதுதான். பட்டறைப் பெட்டியிலிருந்து புதிய பூஜி ஒன்றை எடுத்தேன், நுனி இடைவெளியை அளவுத் தகடு வைத்துச் சரிபார்த்தேன், படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து அத்தை மறுபடி கூப்பிட்டார்.

"வெச்சியா?"

"வெச்சுட்டேன் அத்தை."

"என்ன கலர்?"

"வெள்ளைதான். பீங்கான்."

"பீங்கான்ல நிக்குதா? அழகா இருக்கும். எவ்வளவு உயரம்?"

"அஞ்சு சென்டிமீட்டர் இருக்கும்."

"அஞ்சா! ஏண்டா, இதுல போயா கஞ்சத்தனம்? பெருசு கிடைக்கலையா?"

"பெருசு வெச்சா மேல இடிக்கும் அத்தை."

"அலமாரியை அவ்வளவு தாழ்வா யாருடா அடிச்சது? சரி, விடு. அணையாம பாத்துக்கறியா?"

"கரி புடிக்காம தெனம் துடைச்சு வெக்கறேன்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நேரக் கணக்கு இல்ல அத்தை. ஒரு எட்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும்."

கூரையிலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பத்தாயிரம்டா," என்றார் அத்தை. "இங்க இருந்து சாடெக் பத்தாயிரம் கிலோமீட்டர். ஆனா நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது. இங்க வரைக்கும் அந்த வெளிச்சம் வருது. உனக்குள்ள இப்படி ஒரு பேச்சு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லடா."

நான் சரி என்றேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை இதே விஷயத்தை என் மாமனாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். மாமனார் இளவயதில் பல்பின் வெளிச்சத்தைப் பூஜி கணக்கில் கேட்டு வாங்கிய காலத்து ஆள். இருபத்தைந்து பூஜி, அறுபது பூஜி என்றுதான் இன்றைக்கும் கடையில் கேட்பார், கடைக்காரப் பெண் முழிப்பாள். ஏணியும் வயருமாக ஒரு நாள் காலை வந்து நின்றார்.

"அக்கா பூஜி வெக்கணும்னு சொன்னா. எத்தனைன்னு சொல்லல. நூறு போதும்ல மாப்பிள்ளை?"

"நூறா?"

"சரி, ரெண்டு நூறா போட்டுடறேன். நம்ம பிள்ளைக்கு என்ன குறைச்சல்?"

படத்துக்கு மேலே இரண்டு குண்டு பல்பை மாட்டினார். அந்த வெளிச்சத்தில் ஊரில் உள்ள பல்லி எல்லாம் என் வீட்டுக்குக் குடிவந்தது. டிராகன் பழம் மதியத்துக்குள் சுருங்கியது. கல்யாணத்தன்று எடுத்த படம் அது. அதில் லுவா சிரித்துக்கொண்டு இருப்பாள், இப்போது கண் கூசி முகம் சுளிப்பதுபோல் இருந்தது. அணைக்கலாமா என்று மாமனாரைக் கேட்டேன். நூறாம் நாள் அக்கா வந்து பார்க்கட்டும், அப்புறம் அணைக்கலாம் என்றார்.

நூறாம் நாள், போன வெள்ளிக்கிழமை, அக்கா வந்து பார்த்தார். லியோனிலிருந்து ஒரு மெழுகுவத்தியை ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், காரின் பின்பெட்டிச் சூட்டில் அது தூண்டில் முள்போல வளைந்துபோயிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் முதலில் பல்பைப் பார்த்துக் கண்ணை மூடினார், பிறகு திறந்து தட்டைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பூஜி அத்தை."

"இதுவா?"

"நீங்கதான் வெக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னது பூஜி!" என்று வளைந்த மெழுகுவத்தியை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

மாமனார் குறுக்கே வந்தார். "பூஜிதான் அக்கா. மேல பாரு. ரெண்டு நூறு."

"நீ வாயை மூடு!" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் தம்பி பொண்ணு முகத்துக்கு முன்னாடி வண்டி சாமானா? நாளைக்கு டயர் கொண்டுவந்து மாட்டுவியா? அன்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்னு சொன்னியே..."

"அது வரைக்கும் மாத்த வேண்டாம் அத்தை. கம்பெனிக் கணக்கு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வந்திருந்த உறவினர் எல்லோரும் சோற்றுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் கண்ணீரை நான் ஏமாற்றி வாங்கிக்கொண்டேன் என்பது அவருக்குப் பெரிய அடி. அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஊதுவத்திக் கிண்ணம் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேதான் அவள் சோறு வாங்குவாள், ஆகவே கிண்ணமும் படமும் லாப்வோவில் இருக்கும் அவர்கள் பரம்பரை வீட்டுக்குப் போக வேண்டும், இவனுக்குக் குழந்தை இல்லை, வயது முப்பத்தொன்று, நாளைக்கு இன்னொருத்தி வருவாள், வராவிட்டாலும் இந்த வீட்டில் பெட்ரோல் வாடை, பிறந்த வீட்டில் அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்க ஆள் உண்டு. மாமனார், மாப்பிள்ளை பாவம், தெரியாமல் செய்துவிட்டார், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். பாதி என் பக்கம் சாய்ந்திருந்தார் என்றே சொல்லலாம். மறுநாள் உங்கள் இதழ் வந்தது.

அத்தை உங்கள் பத்தியை நகவெட்டியில் உள்ள கத்தியால் நறுக்கி என் மாமனாரின் சட்டைப்பையில் வைத்தார். "படி. படிச்ச மனுஷன் எழுதியிருக்கார். அறியாமை. அச்சுல வந்திருக்கு." அச்சில் வந்தது என்றால் என் மாமனாருக்கு அது கல்வெட்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நல்ல நேரம் என்று அவரே பார்த்துச் சொல்லிவிட்டார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் மொழி படித்தவன் அல்ல. ஆனாலும் தொழில் டிப்ளமா வாங்கியவனை அறியாமை என்று சொன்னால், எதில் எவ்வளவு அறியாமை என்று அளந்து பார்ப்பது என் பழக்கம். நான்கு நாளாக நூலகத்திலும் கைபேசியிலும் தேடினேன். முதலாவது, இஞ்சின் பிளக்குக்குப் பூஜி என்று பெயர் வைத்தது நாங்கள் இல்லை. பிரெஞ்சுக்காரர்களே அதைப் பூஜி என்றுதான் சொல்கிறார்கள், இன்றைக்கும் லியோனில் பட்டறைக்குப் போய்க் கேட்டால் பிளக்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் எதற்காக அப்படி வைத்தார்கள் என்று என் பாடப்புத்தகத்தில் இல்லை. நிமிர்ந்து நின்று நுனியில் நெருப்பை வைத்திருப்பதால் இருக்கலாம். இரண்டாவது, மாமனாரின் பல்புக் கணக்கும் தப்பில்லை. ஒரு விளக்கு எத்தனை மெழுகுவத்திக்குச் சமம் என்று அளந்த காலத்தின் மிச்சம் அது. மூன்றாவதுதான் எனக்கே வியப்பு: மெழுகுவத்திக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. அல்ஜீரியாவில் ஒரு துறைமுக ஊர் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்த ஊரின் பெயர்தான் பூஜி. ஒரு காலத்தில் அங்கிருந்து நல்ல தேன்மெழுகு கப்பலில் போனதாம். ஊர்ப் பெயர் மெழுகுக்கு ஒட்டி, மெழுகிலிருந்து வத்திக்கு, வத்தியிலிருந்து பல்புக்கு, பிளக்குக்கு என்று வந்திருக்கிறது. ஆக, நியாயமாகப் பார்த்தால் அத்தை கேட்டபோது நான் லுவாவின் படத்துக்கு முன்னால் ஒரு துறைமுகத்தை வைத்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் ஒரே சொல்லைக் கேட்டு மூன்று பேர் மூன்று பொருளை எடுத்துக்கொண்டோம், மூன்று பேரும் அந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் வைக்கத்தான் நினைத்தோம். இதை என்னால் அத்தையிடம் பேச முடியவில்லை, வாயைத் திறந்தால் கிலோமீட்டர் வந்துவிடுகிறது. தாங்கள் அச்சில் சொன்னால் என் மாமனார் கேட்பார். தினமும் இரண்டு வேளை அவளுக்குச் சோறு வைத்து, அது ஆறுகிற வரை எதிரே உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் என் நாளில் வடிவமாக இருக்கிற விஷயம். அதுவும் லாப்வோவுக்குப் போய்விட்டால் அந்த நேரத்தில் நான் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

எனவே 'பட்டறைக்காரர்களின் அறியாமை' என்பதை நீக்கி, மேலே சொன்ன பொருள்களைச் சேர்த்து, சனிக்கிழமை இதழில் வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பேனா காயாமல் இருக்கட்டும், தங்கள் வீட்டில் யாரும் எதற்காகவும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கட்டும். தங்கள் மனைவியார்க்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கியேம்

பி.கு. வியாழக்கிழமை காலை. மேலே எழுதியதை வெளியிட வேண்டாம்.

அத்தை இன்று காலை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார், கிண்ணம் அதில் அடங்குமா என்று அளவு பார்க்க. கடிதம் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. கேட்காமல் எடுத்துப் படித்தார். துறைமுகம் வந்த இடத்தில் உதடு லேசாகக் கோணியது. முழுவதும் படித்துவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"புதுசுன்னு எழுதியிருக்க. நுனி கருப்பா இருக்கு. ஓரத்துல எல்லாம் கீறல். என்னடா இது?"

புதியது என்று எழுதியது பொய், ஐயா. காகித வண்டிக்காக வைத்தேன் என்று தங்களை நினைக்கவைத்ததும் பொய். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. தேடும்போது அதையும் படித்தேன், படித்துவிட்டு எழுதாமல் விட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் லுவாவை உள்ளே கொண்டுபோனபோது கதவு பாதி திறந்திருந்தது, நானும் கூடவே நுழைந்துவிட்டேன். நான் அவள் கால்பக்கம் நின்றிருந்தேன். டாக்டர் "பூஜி எடு, பூஜி, சீக்கிரம்" என்று கத்தினார். நான் ஓடினேன். மூன்று மாடி இறங்கி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து, என் வண்டியின் பூஜியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேலே ஓடிவந்தேன். மனுஷ உடம்பில் அதை மாட்ட இடம் இல்லை என்பது டிப்ளமா வாங்காதவனுக்கும் தெரியும். எனக்குத் திரும்பி ஏறும்போது இரண்டாவது மாடியில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அதன் பிறகு அது என் சட்டைப்பையிலேயே இருந்தது. பட்டறையில் நூறு பூஜி இருக்கிறது, ஒன்றை எடுத்து வண்டிக்குப் போட மனம் வரவில்லை, மூன்று மாதமாக பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அத்தை அன்றைக்கு, படத்துக்கு முன்னால் பூஜி வை என்றதும், இவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

இதை அத்தையிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அது நீளமா, வளையற குச்சி மாதிரி இருக்கும்," என்றார். "தொண்டைக்குள்ள குழாய் எறங்கலைன்னா அதை உள்ள விட்டு வழி பண்ணுவாங்க. பிரான்சுலயும் அதுக்குப் பூஜிதான்."

"உங்களுக்கு எப்படி அத்தை..."

"ஆஸ்பத்திரியில முப்பத்தாறு வருஷம் வார்டு ஆயா வேலைடா. தரை துடைச்சேன், படுக்கை மாத்தினேன். ஆபீஸ்னு என் தம்பி ஊருக்குள்ள சொல்லி வெச்சான், நானும் இல்லைன்னு சொல்லல." பெட்டியைக் கீழே வைத்தார். "அதைக் கேட்டாங்கன்னா அடுத்த நொடி உன்னை வெளிய தள்ளியிருப்பாங்க. எத்தனை புருஷனுங்களை நானே தோளைப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கேன் தெரியுமா? நீ நின்னிருந்தாலும் கதவைத்தான்டா பாத்துட்டு நின்னிருப்ப. அவளை இல்ல."

நான் சரி என்றேன். இந்த முறை வழக்கமாகச் சொல்லும் சரி இல்லை.

"கழட்டும்போது சூடா இருந்துச்சா?"

"ஆமா அத்தை."

என் வலது கையை இழுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். சூட்டுக்காயம் மூன்று மாதத்துக்கு முந்தையது, அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, அலமாரி இடுக்கில் சொருகினார்.

"அது அங்கயே இருக்கட்டும். கிண்ணமும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவாங்க, வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீ உன் வண்டிக்கு ஒரு புதுசு எடுத்துப் போடு. பஸ்ல போறானாம் பஸ்ல. அந்தப் பத்திரிகை ஆபீஸ் எங்கடா இருக்கு?"

"எதுக்கு அத்தை?"

"அறியாமைன்னு எழுதியிருக்காரே, அந்த மனுஷன்கிட்ட நாலாவது அர்த்தம் கேக்கணும்."

நான் தடுத்துப் பார்த்தேன். வண்டிக்குப் புதிய பூஜி போட்டாயிற்று, அத்தை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், இரண்டு முறை கத்திவிட்டார். ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வராது. கடிதம் தங்கள் கைக்கு வரும்போது கூடவே அத்தையும் வருவார். ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்.